ஹாரிஸ் பிரபுவின் கேடயம்

மேனாட்டுப் பிரபுக்களின் கேடயச் சின்னத்தை வெறும் அலங்காரமென்று நாம் கருதிவிடுகிறோம். அது வென்றவன் தன் கையால் எழுதிக்கொண்ட சரித்திரமாகும்.

1799 மே 4-இல் சீரங்கப்பட்டணத்தைப் பிடித்த தளகர்த்தர் ஜார்ஜ் ஹாரிஸ் 1815-இல் பிரபுவானார். அவர் கேடயத்தின் மேற்புறத்தில் அக்கோட்டையே வரையப்பட்டுள்ளது. பாலம் இறக்கப்பட்டிருக்க, திப்புவின் கொடிக்கு மேலே பிரிட்டிஷ் கொடி பறக்கிறது. சிகரத்தில் பொன்வரியுடைய பச்சைப் புலி. மார்பில் அம்பு, நெற்றியில் ஹைதரைக் குறிக்கும் பாரசீக எழுத்து, தலையிலோ மகுடம்! வீழ்ந்தது பூனையென்றால் வேட்டைக்காரனுக்குப் புகழேது?

கேடயத்தைத் தாங்குவோர் இருவர்: ஒருபுறம் வெள்ளைக்காரப் போர்வீரன், மறுபுறம் கீழ்நாட்டுச் சிப்பாய். திப்புவின் கொடிக்கு மேலே கம்பெனிக் கொடியை உயர்த்திப் பிடிப்பவன் இச்சிப்பாயே. அன்றைய சென்னைப் படையில் தமிழரும் தெலுங்கருமாக நம்மவர் பலர் இருந்தனர். புலியின் நெற்றியிலாவது ஓர் எழுத்துண்டு; சிப்பாய்க்கு அதுவுமில்லை.

இச்சின்னத்தின் வாரிசான பேரர், மூன்றாம் ஹாரிஸ் பிரபு, 1846 முதல் டிரினிடாடின் கவர்னர். அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிச் சென்ற காலம் அது. 1854 முதல் 1859 வரை அவரே சென்னைக் கவர்னர். பந்திங் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரின் மக்களாகிய நமக்கு அக்கூலிகள் அந்நியரல்லர்.

புலியோ அம்போடு மடியவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் நேதாஜி ஜெர்மனியில் அமைத்த இந்தியப் படையணியின் சின்னத்தில், மூவர்ணத்தின்மீது அது பாய்ந்தது. 1943-இல் அவர் மலாயாவில் அழைத்தபோது, தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் படையிற் சேர்ந்தனர்.