குளச்சல் போர்க்களம்: ஊர்வலத்திலிருந்து சுற்றுலாவரை

நவராத்திரிக்கு முன்னால் ஆண்டுதோறும் மூன்று தெய்வத் திருமேனிகள் குழித்துறை மகாதேவர் கோயிலில் ஓர் இரவு தங்குகின்றன. பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் திருவனந்தபுரம் போகும் வழியில் முதல் இரவுத் தங்கல் இங்கேதான். மறுநாள் களியக்காவிளை எல்லையைத் தாண்டி நெய்யாற்றின்கரை. இந்த ஊர்வலம் புறப்படுமுன் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் ஒரு சடங்கு நடக்கும். மன்னரின் உடைவாள் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலத்தார் முன்னிலையில் கைமாறும். வாளும் தெய்வங்களோடு புறப்படும். வழியெங்கும் மக்கள் திரண்டு நின்று பார்ப்பார்கள்.

திருவிதாங்கூரின் போர் நினைவு மக்கள் கண்ணுக்குக் காட்டப்பட்ட பழைய முறைகளுள் இதுவும் ஒன்று. இன்று குளச்சல் போர் ஒரு சுற்றுலாப் பொருள். அரண்மனை, கோட்டை, கடற்கரைத் தூண் என்று ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். 1741இல் நடந்த முற்றுகை எப்படி 'பார்க்கும் இடமாக' மாறியது, யார் யாருக்கு எதைக் காட்டினார்கள், எதைக் காட்டாமல் விட்டார்கள் என்பதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போரின் வேர் மிளகில் இருக்கிறது. 1729இல், பின்னாளில் திருவிதாங்கூராக விரிந்த வேணாட்டின் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்ட வர்மர் வடக்கே கொல்லம், காயங்குளம், கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளையிடத்து சொரூபம் ஆகியவற்றின்மேல் கை வைத்தார். இந்தச் சிறு அரசுகளோடு ஒப்பந்தம் செய்து மலிவாக மிளகு வாங்கிவந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது வயிற்றில் அடி. இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் 1739இல் நேரில் வந்து மன்னரிடம் பேசினார்; பேச்சு முறிந்தது. கொச்சியில் இருந்த மலபார் தளபதி வான் கொல்லனெஸ்ஸும் விட்டுக்கொடுக்கவில்லை. 1741இல் டச்சுக்காரர்கள் இளையிடத்து அரசியை மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார்கள். தெற்கே, கொழும்பிலிருந்து வந்த படை குளச்சலில் இறங்கியது.

இறங்கிய படை கோட்டாறு வரையுள்ள ஊர்களைச் சூறையாடியது. அதன் இலக்கு பத்மநாபபுரம். வடக்கே இருந்த மன்னர் விரைந்து கல்குளம் பகுதிக்குத் திரும்பிப் படை திரட்டினார். டச்சுப் படை பின்வாங்கிக் கடற்கரையில் மரவேலி அடைப்புக்குள் ஒடுங்கியது. அதன்பிறகு நடந்ததை ஒரு நாள் சண்டையாகச் சொல்வது தவறு. அது ஒரு முற்றுகை. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்கள் அவை. கொழும்பிலிருந்து கப்பல் வந்து ஆளும் அரிசியும் இறக்க வழியில்லை. அடைப்புக்குள் வெடிமருந்துப் பீப்பாய் தீப்பற்றி, இருந்த அரிசியும் எரிந்துபோனது. பசியும் மழையும் சேர்ந்து அவர்களைச் சரணடைய வைத்தன. வாள்வீச்சைவிட ஆடி மாதக் கடலுக்கு இந்த வெற்றியில் பங்கு அதிகம் என்பது என் முடிவு. அதனால் வெற்றி சிறுமைப்படாது. எப்போது காத்திருக்க வேண்டும், எங்கே வழியை அடைக்க வேண்டும் என்று அறிந்த படைத்தலைமைக்குக் கிடைத்த வெற்றி அது.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் 1741 ஆகஸ்ட் 10 என்கின்றன. பழைய நாயர் படையணியின் வழிவந்த மதராஸ் ரெஜிமென்டின் 9ஆவது பட்டாலியன் ஜூலை 31ஐக் குளச்சல் நாளாகக் கொண்டாடுகிறது. பழைய, புதிய நாட்காட்டி வேறுபாடு என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையே இருந்தது 11 நாள். கணக்கிட்டால் ஒரு நாள் இடிக்கிறது. கொல்லம் ஆண்டு 916 ஆடி மாதம் என்று சொன்னால் இரண்டு தேதிகளும் அதற்குள் அடங்கிவிடும். நம் பக்கத்து மக்கள் கணக்குக்கும் அதுவே பொருத்தம்.

போர்க்களத்தைச் சுற்றிக் காட்டும் வழக்கம் உலகில் எப்படித் தொடங்கியது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1815இல் வாட்டர்லூவில் போரிட்ட எட்வர்டு காட்டன் என்ற ஆங்கிலப் படைவீரர் பிற்காலத்தில் அந்தக் களத்திலேயே குடியிருந்து, வருவோர்க்கு இடங்காட்டி, 1846இல் ஒரு நூலும் எழுதினார். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் களத்தில் 1915 முதல் தேர்வு வைத்து உரிமம் பெற்ற வழிகாட்டிகள் மட்டுமே கட்டணம் வாங்கிச் சுற்றிக் காட்ட அனுமதி. களத்தில் நின்றவர் கதை சொல்லத் தொடங்கி, பிறகு பயிற்சி பெற்றவர் கைக்கு அது போனது.

குளச்சலில் காட்டனைப் போல் ஒருவர் இருந்திருக்கக் கூடுமா? இருந்தார். ஆனால் தோற்ற பக்கத்தில். கைதான எவுஸ்தாக்கியுஸ் டி லனாய் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து, அதற்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி தந்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்றார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் இயங்கியது. டிலனாய் கோட்டை என்றே அதற்கு இன்னொரு பெயர். தம்மைச் சிறைப்பிடித்த நாட்டிலேயே அவர் ஏறத்தாழ 36 ஆண்டுகள் வாழ்ந்து, 1777 ஜூன் 1 அன்று இறந்தார்.

கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மனைவி, மகன் கல்லறைகளும் அங்கேயே. கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. இலத்தீன் வாசகம் வழிப்போக்கரை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. அவர் திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாக இருந்ததையும், சுமார் 37 ஆண்டு மன்னருக்கு உண்மையாக ஊழியம் செய்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை ஆயுதத்தாலும் அச்சத்தாலும் அடக்கியதையும், 62 வயதும் 5 மாதமும் வாழ்ந்ததையும் அது சொல்கிறது. குளச்சலைப் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. தோல்வி எங்கே தொடங்கியது என்பதைக் கல் மறைத்துவிட்டது. அதை எழுதிய கைக்கு அந்த உரிமை உண்டுதான். ஆனால் அந்தக் கல்லின்முன் நிற்பவருக்கு விடுபட்டதை எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் வேண்டும்.

அடுத்த கட்டம் எழுத்து. 1878இல் சங்குண்ணி மேனன் எழுதிய திருவிதாங்கூர் வரலாறும், 1906இல் வந்த நாகம் ஐயாவின் கையேடும் போரை அரச குடும்பத்தின் பெருமையாகப் பதிந்தன. இடையில் 1891இல் சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' நாவல் மன்னரைக் கதைத்தலைவராக்கியது. ஆனால் அந்தக் கதை அவர் ஆட்சியேறிய காலத்தோடு நின்றுவிடுகிறது, குளச்சலுக்கு வருவதில்லை. 1931இல் கே. எம். பணிக்கர் மலபாரையும் டச்சுக்காரரையும் பற்றி எழுதிய நூல் இந்தப் போரை ஐரோப்பிய ஆதிக்க வரலாற்றின் திருப்பமாக நிறுத்தியது. டச்சு ஆவணங்களை அடியொற்றி மார்க் டி லனாய் 1997இல் வெளியிட்ட ஆய்வு, அரசனின் வீரத்தைவிட மிளகு வாணிபத்தையும் அரசு உருவாக்கத்தையும் முன்னால் வைத்தது. இன்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதையில் பணிக்கர் இருக்கிறார். 1997 இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்கு நல்ல சான்று, நூல்களிலும் பேச்சிலும் ஓயாமல் திரும்பி வரும் ஒரு வாசகம்: ஐரோப்பிய வல்லரசை வென்ற முதல் ஆசிய அரசு திருவிதாங்கூர். இது உண்மையல்ல. கண்டியின் விமலதர்மசூரியன் 1594இல் தந்துரையில் போர்த்துகீசியரை முறியடித்தான். 1638இல் கன்னொருவையில் இரண்டாம் ராஜசிங்கன் மீண்டும் அவர்களை வென்றான். 1662இல் சீனத் தளபதி செங் செங்குங் ஒன்பது மாத முற்றுகைக்குப் பிறகு தைவானின் சீலாந்தியாக் கோட்டையை இதே டச்சுக் கம்பெனியிடமிருந்து பிடித்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரி 1571இல் சாலியம் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்.

'முதல்' என்ற பட்டத்தை எடுத்துவிட்டால் குளச்சல் குறைந்துபோகும் என்று அஞ்ச வேண்டாம். தோற்றவர்களைப் படைக்குள் சேர்த்து, 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக் கம்பெனியை அரசியல் தலையீட்டிலிருந்து விலகச் செய்து, மிளகு வாணிபத்தை அரசின் கையில் வைத்த தொடர்ச்சிதான் அதன் தனிச்சிறப்பு. அதைச் சொல்ல இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது கட்டம் எல்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழகத்தோடு சேரக் கேட்ட போராட்டத்தின்போது, தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தத் தொடுவெட்டிதான் இன்று மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1 முதல் அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் இன்று தமிழ்நாடாக உள்ள சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நிலம் இங்கே வந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்தது. உதயகிரிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. போர் வெற்றியை நினைவுகூரும் குளச்சல் தூண் கடற்கரையில் நிற்கிறது. ஒரே போரின் மூன்று இடங்கள் மூன்று பொறுப்பில்.

இதன் விளைவு நேரில் தெரிகிறது. அரண்மனையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஒவ்வொரு கூடத்திலும் வழிகாட்டி நின்று தமிழிலோ மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ விளக்குகிறார். பளபளக்கும் கருந்தரை, மரச் செதுக்கு, மன்னர்முன் டி லனாய் பணியும் ஓவியம் என்று கதை நகரும். உதயகிரியில் குடும்பத்தோடு வருகிறவர்கள் மான்களையும் பறவைகளையும் பார்த்துத் திரும்புகிறார்கள். கல்லறைவரை நடப்பவர் குறைவு. கடற்கரையில் தூணைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆளில்லை. போர் நடந்தது அங்கே. பேச்சு நடப்பது அரண்மனையில்.

கடற்கரையில் சொல்ல வேண்டியது நிறைய. முக்குவர் மக்கள் தோள்களில் துடுப்புகளைச் சாய்த்து வரிசையாக நின்று துப்பாக்கிப் படைபோல் தோற்றம் காட்டினார்கள், வண்டிகளில் பனந்தடிகளை ஏற்றிப் பீரங்கிபோல் நிறுத்தினார்கள் என்பது வாய்வழக்கு. அதை ஆவணச் சான்றாக ஏற்க முடியாது. ஆனால் கப்பலிலிருந்து கரையைப் பார்க்கிறவனின் கண்ணை அறிந்தவர்கள்தான் இப்படியொரு கதையைக் கட்டவும் காக்கவும் முடியும். போரில் மீனவர் பங்கு என்ன என்ற கேள்வியை அந்த வழக்கு விடாமல் எழுப்புகிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்துச் சென்ற உயிர்களின் நினைவிடமும் இதே குளச்சலில் உண்டு. அந்த மக்களைக் கேட்காமல் அங்கே வரலாறு சொல்வது முறையல்ல.

குழித்துறைக்காரர்களுக்கு இந்த வழியில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. கருங்கல் சாலையில் சிறிது தூரத்தில் நட்டாலம். 1712இல் அங்கே பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை அதிகாரி. டி லனாயுடன் பழகிக் கிறித்தவத்தை அறிந்து 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நட்டாலத்துக்கு வரும் பக்தர்கள் ஒரு மார்த்தாண்ட வர்மரைக் கேட்கிறார்கள். பத்மநாபபுரத்துக்கு வரும் பயணிகள் வேறொரு மார்த்தாண்ட வர்மரைக் கேட்கிறார்கள். குளச்சலில் வென்ற மன்னரும் அவர்தான். தேவசகாயம் கொல்லப்பட்டபோது ஆண்டவரும் அவர்தான். இரண்டு கதைக்கும் நடுவில் நிற்பவர் டி லனாய். இரண்டையும் ஒரே வாயால் நிதானமாகச் சொல்லத் தெரிந்தவரே இந்த மண்ணுக்கு ஏற்ற வழிகாட்டி.

அப்படிப்பட்டவர்களைப் பயிற்றுவிப்பது பெரிய காரியமல்ல. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களுக்கு ஒரு பருவப் பயிற்சி, குளச்சல் மீனவர் குடும்பங்களிலிருந்து சிலர், தூணருகே தமிழிலும் மலையாளத்திலும் ஒரு முற்றுகை வரைபடம், உதயகிரியின் இலத்தீன் வாசகத்துக்குத் தெளிவான தமிழ் விளக்கம். இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் இந்தியத் தொல்லியல் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடியும். ஆண்டுதோறும் ஓர் உடைவாளை இரு மாநிலத்தார் ஒற்றுமையாகக் கைமாற்றத் தெரிந்திருக்கும்போது, ஒரு வரைபடத்தைச் சேர்ந்து அச்சிடத் தெரியாமல் போகாது.

அதுவரை, குழித்துறையிலிருந்து புறப்படுகிறவர்கள் நேரே தக்கலைக்குப் போகாமல், கருங்கல் வழியாக முதலில் குளச்சல் கடற்கரைக்குப் போங்கள். கடல் சீறும் ஆடி மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. முற்றுகை ஏன் அப்படி முடிந்தது என்று அங்கே நின்றாலே புரியும். பிறகு உதயகிரிக் கல்லறை, கடைசியாக அரண்மனை. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அரண்மனைக்கு விடுமுறை.