உயிரொலி நாற்கரமும் துல்லிய வரைவின் வரலாறும்

மொழியியல் பேச வேண்டிய மேடையில் கணினி வரைவைப் பற்றிப் பேசப் புகுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணம் என் பிழை ஒன்று. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ் உயிரொலிகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்று ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்தது. அதில் உயிரொலி நாற்கரம் ஒன்றும் இடம்பெற்றிருந்தது. பக்கத்தை அமைத்தவர், எஞ்சிய வெற்றிடத்தை நிரப்பும் பொருட்டுப் படத்தின் மேல்விளிம்பைப் பற்றி ஒன்றரை மடங்கு உயரத்துக்கு இழுத்துவிட்டார். சட்டமும் உட்கோடுகளும் நீண்டன. உயிரொலிகளைக் குறித்த புள்ளிகளோ தனிப் பொருள்களாக இருந்தமையால் நின்ற இடத்திலேயே நின்றன. மெய்ப்பு என் கைக்கு வந்தது. ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன், படத்தை நோக்கவில்லை. அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, ஈ என்று ஒலிக்கும்போது நாக்கு வாய்க்கு வெளியே போய்விடுமா?” என்று கேட்டாள். ஈகாரப் புள்ளி சட்டத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு படத்தை அளந்து பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. வெளியே தொங்கிய ஈகாரம் தன் பிழையைத் தானே அறிவித்தது. வலப்புறத்து ஊகாரம் அவ்வாறு செய்யவில்லை. அது சட்டத்தின் மீதே, ஓகாரம் நிற்க வேண்டிய கோட்டில், ஒழுங்காக அமர்ந்திருந்தது. அதை ஒருவரும் வினவவில்லை. மாணவர்கள் அதனை அப்படியே குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

உயிரொலிகளை வகைப்படுத்தும் முயற்சி நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் பிறப்பியலில் அகர ஆகாரங்களை வாய் திறத்தலாலும், இ, ஈ, எ, ஏ, ஐ என்பனவற்றை நாவிளிம்பு பல்லைப் பொருந்துதலாலும், உ, ஊ, ஒ, ஓ, ஔ என்பனவற்றை இதழ் குவித்தலாலும் பிறப்பனவாகப் பகுத்தார். இன்றைய நாற்கரத்தின் கீழ்முனை, முன்பக்கம், பின்பக்கம் ஆகிய மூன்றும் அப்பகுப்பில் உள்ளன. உயர அளவு மட்டும் அதில் இல்லை. அவ்வளவைப் படமாக்கியவர்களுள் முதன்மையானவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டேனியல் ஜோன்ஸ். எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையோடு 1917-ஆம் ஆண்டளவில் அடிப்படை உயிரொலிகளை வரையறுத்த அவர், நாவின் உச்சப்புள்ளி எங்கே நிற்கிறது என்பதையே படமாக்கினார். தொடக்கத்தில் அவ்வடிவம் கோணல்மாணலாக இருந்தது. வகுப்பறையில் வரைவதற்கு எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பின்னர் அதனை ஒரு சரிவகமாக்கினார்: அடிப்பக்கம் 2, வலப்பக்கம் 3, மேற்பக்கம் 4 என்ற விகிதம், வலப்புறத்தில் இரண்டு செங்கோணங்கள். அதாவது, நாம் பயன்படுத்தும் நாற்கரம் வாயின் உருவப்படமன்று. கரும்பலகைக்காக எளிமையாக்கிய அளவுகோல். அளவுகோலை இழுத்து நீட்டினால் அது அளவுகோலாக இராது.

வடிவத்தைக் கெடாமல் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் கணினிக்கு மிக முந்திய கவலைகள். 1603-இல் கிறிஸ்டோப் ஷைனர் என்னும் ஜெர்மானிய இயேசு சபைத் துறவி பாண்டோகிராப் என்ற கருவியை அமைத்தார். நான்கு சட்டங்களை இணைகரமாகக் கோத்து, ஒரு முனையால் மூலத்தின் கோட்டைத் தொடர்ந்தால், மறுமுனை அதனையே குறித்த மடங்கில் வரையும். கோணங்கள் மாறா. எழுத்துலகிலோ அத்தகைய வசதி நெடுங்காலம் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் நூல் அச்சிட விரும்பியபோது, ஹாலே நகரத்திலிருந்து 1713-இல் வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. தாளோ அரிது. ‘சிறிதாக்கு’ என்று கட்டளையிட வழியில்லை. சிறிய எழுத்துகளைப் புதிதாகவே வெட்டி வார்க்க நேர்ந்தது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையடைந்தமைக்கு அவ்வுழைப்பும் ஒரு காரணம்.

கணினித் திரையில் இதே கேள்விக்கு விடை கண்டவர் ஐவன் சதர்லண்ட். எம்.ஐ.டி.யில் 1963-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் அவர் ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலை விளக்கினார். ஒளிப்பேனாவால் ஒரு மூலப்படத்தை வரைந்துவிட்டு, அதன் படிகளை வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு அளவில், வெவ்வேறு திருப்பத்தில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகள் அனைத்தும் திருந்தும். படத்தைப் புள்ளிக்கூட்டமாக வைத்திராமல், ஒன்றோடொன்று உறவுடைய பொருள்களின் தொகுதியாக வைத்திருந்தமையே அதன் சிறப்பு. என் புள்ளிகளும் சட்டமும் அவ்வாறு உறவுபட்டிருந்தால் அம்மாணவி அக்கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள்.

அடுத்த பெரிய படி 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட். அம்மொழியில் ஒரு வடிவத்துக்கு நேரும் நகர்வு, அளவு மாற்றம், சுழற்சி, சாய்வு ஆகிய எல்லாமே ஆறு எண்கள் கொண்ட ஓர் அணியில் அடங்கும். (கணக்காசிரியர்களின் அணியைச் சொல்கிறேன், தண்டியலங்காரத்தின் அணியை அன்று.) இரண்டு எண்கள் நகர்வுக்கு, நான்கு எண்கள் மற்றவற்றுக்கு. இன்று நாம் பயன்படுத்தும் திசையன் வரைவு மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

இவ்வணியில் மொழியியலார் உடனே உணரும் ஒரு பண்பு உண்டு: வரிசை. பத்து மில்லிமீட்டரில் நிற்கும் புள்ளியை இரு மடங்காக்கிப் பின் ஐந்து நகர்த்தினால் 25. முதலில் ஐந்து நகர்த்திப் பின் இரு மடங்காக்கினால் 30. சாம்ஸ்கியும் ஹாலேயும் 1968-இல் ஆங்கில ஒலியமைப்பை விளக்கியபோது விதிகளின் வரிசைக்கு அத்தனை பக்கங்களை ஏன் செலவிட்டார்கள் என்பது, எனக்கு அந்நூலைக் காட்டிலும் இக்கணக்கினாலேயே தெளிவாக விளங்கியது.

ஓய்வுபெற்ற பின் இங்க்ஸ்கேப் பழகினேன். இது 2003-இல் சோடிபோடி என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்த கட்டற்ற மென்பொருள். ஜோன்ஸின் சரிவகத்தை வரைவதே என் முதல் பயிற்சி. ஒரு செவ்வகத்தை வரைந்து, உருமாற்றப் பலகத்தில் சாய்வு கொடுத்தேன்; இணைகரம் கிடைத்தது. சுழற்றினேன், சுருக்கினேன், மீண்டும் இணைகரமே. இரண்டு மாலைப்பொழுதுகள் வீணான பிறகே உண்மை புரிந்தது. அந்த ஆறு எண்கள் இணைகோடுகளை ஒருபோதும் பிரிப்பதில்லை. செவ்வகத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் இணையானவை. சரிவகத்தில் அவை இணையல்ல. ஆகவே எந்தச் சாய்வும் சுழற்சியும் ஒன்றை மற்றொன்றாக்க மாட்டா. கணுக்களைத் தொட வேண்டும்.

வழி இதுதான். 80 மில்லிமீட்டர் அகலமும் 60 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகத்தை வரைந்து, அதனைப் பாதையாக மாற்றி, கீழ் இடக் கணுவை மட்டும் தேர்ந்து 40 மில்லிமீட்டர் வலப்புறம் நகர்த்துக. சுட்டியால் இழுக்க வேண்டா. கணுக் கருவியின் பட்டையில் எண்ணைத் தட்டச்சிடுக. இங்கு இரண்டு எச்சரிக்கைகள். கோட்டின் தடிமனையும் சேர்த்து அளக்குமாறு அமைந்திருந்தால், ஒரு மில்லிமீட்டர்க் கோடுடைய செவ்வகம் 81 என்று காட்டும். அதை 80 என்று திருத்தினால் உண்மை அகலம் 79 ஆகிவிடும். வடிவளவையே காட்டுமாறு விருப்பத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, 2020-இல் வந்த 1.0 பதிப்பு முதல் செங்குத்து அளவு மேலிருந்து கீழாக எண்ணப்படுகிறது. பழைய குறிப்புகளை வைத்திருப்போர் குழம்புவர்; நான் குழம்பினேன்.

இனி உட்கோடுகள். மேலிருந்து 20, 40 மில்லிமீட்டரில் அரைமூடு, அரைத்திறப்புக் கோடுகள் வரும். அவற்றின் இடமுனை முறையே 13.33, 26.67 மில்லிமீட்டரில் தொடங்கும். புள்ளிகளை இட்டபின் அனைத்தையும் ஒரு குழுவாகச் சேர்த்துவிட வேண்டும். அதன்பின் பக்கம் அமைப்பவர் எங்கே பிடித்து இழுத்தாலும் சட்டமும் புள்ளிகளும் ஒன்றாகவே நீளும். படம் அழகு குன்றலாம். ஊகாரம் ஓகாரத்தின் இடத்துக்கு இறங்காது.

திருத்திய படத்தை அண்மையில் ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் காட்டினேன். பின்வரிசையிலிருந்த இளம் ஆசிரியர் ஒருவர், ‘நாடு’, ‘பாட்டு’ என்பனவற்றின் இறுதியில் வரும் குற்றியலுகரத்துக்கு ஏன் புள்ளியில்லை என்று கேட்டார். பேச்சில் அங்கே இதழ் குவிவதில்லை. எனவே ஊகாரத்தின் அருகில் முற்றுகரத்தோடு சேர்த்து வைக்கவும் இயலாது. என் பழைய கட்டுரையிலும் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே, வலமுனையிலிருந்து 12 மில்லிமீட்டர் இடப்புறம் தள்ளி, உள்ளீடற்ற சிறு வட்டமாக அதனை வைத்திருக்கிறேன். அந்த 12 என்பது என் செவியின் கணிப்பு மட்டுமே. உங்கள் மாணவர்களின் பேச்சைப் பதிவுசெய்து அளந்து பார்த்து, வேறு எண் கிடைத்தால் வட்டத்தை நகர்த்துங்கள்.