28 ஆண்டு பேசிச் சேர்ந்த சபை

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எனப் பிரிந்திருந்தவர்கள் ஒரே சபையானார்கள்.

1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள்தான் இதைத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் இந்தியர், பேராயர் அசரியா முன்னின்றார். மேல்நாட்டுப் பிரிவினையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி.

பேராயர் முறை வேண்டும் என்றது ஆங்கிலிக்கன் தரப்பு, மற்றவர்களுக்குத் தயக்கம். 28 ஆண்டு பேசினார்கள். கடைசியில் பேராயர் முறையை எல்லோரும் ஏற்றார்கள். ஏற்கெனவே போதகராய் இருந்தவர்களுக்கு மறு அபிஷேகம் வேண்டாம் என்று ஆங்கிலிக்கன் தரப்பும் இறங்கிவந்தது. அசரியா அந்த நாளைப் பார்க்கவில்லை; 1945-இல் காலமானார்.

மேல்நாட்டுப் பிரிவினை தீர்ந்தது. நம்மூர்ச் சாதி? சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடத் தனித்தனிதான். அதைப் பேச நாம் எப்போது உட்காரப் போகிறோம்?