எந்தக் கருவியில வாசிக்கினம்?

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட ஒரு தோழியின்ர வீட்டு விறாந்தையில நாங்கள் ஆறு பேர் கூடினோம். எங்கட தளத்தின் வடிவமைப்பை மாத்துறதைப் பற்றித்தான் கதை. ஒருத்தர் மடிக்கணினியில் கூகிள் அனலிட்டிக்ஸைத் திறந்து, வாறவர்கள் எந்தக் கருவியில வருகினம் எண்டு சொல்லுற அட்டவணையைக் காட்டினார். முதல் வரியில் கைபேசி. அதுக்கு வெகு கீழே கணினி. கடைசியில் பேருக்கு டப்லெட். பழைய அண்ட்ரொய்ட் போன்கள் ஒண்டு ரெண்டுதான்.

"அப்ப உந்தப் பழசுகளை விட்டிடுவம். புதுப் போனுக்கு ஏத்த மாதிரி பெரிய படம், வீடியோ எல்லாம் போட்டு வடிவாச் செய்வம்" எண்டார் அவர். எல்லாரும் தலையாட்டினோம். பிறகு ஒருத்தி கேட்டாள்: "பழைய போனில எங்கட பக்கம் ஒழுங்காத் திறக்குமோ எண்டு ஆராவது பாத்தனீங்களோ?" ஒருத்தரும் பாக்கேல்ல.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். எங்களுக்கு ஒரு ஆவணம் கிடைச்சால் அதை ஆர் எழுதினது, எப்பிடி எழுதினது, அதுக்குள்ள ஆர் இல்லை எண்டு கேட்கத்தான் சொல்லித் தந்திருக்கினம். இந்த அட்டவணையும் ஒரு ஆவணம்தானே.

கருவி தன்னைப் பற்றிச் சொல்லுற கதை

ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உலாவி தன்ர பெயரையும் கருவியின் விபரத்தையும் ஒரு வரியில் அனுப்பும். அந்த வரியை வைச்சுத்தான் கைபேசியா கணினியா எண்டு பிரிக்கிறது. 90களில் சேவையகம் எழுதி வைக்கிற பதிவேட்டை எண்ணித்தான் இதைக் கண்டுபிடிச்சவை. 2005இல் கூகிள், அர்ச்சின் எண்ட நிறுவனத்தை வாங்கி, அதே வருடம் நவம்பரில் அனலிட்டிக்ஸை இலவசமாக் குடுத்தது. அதுக்குப் பிறகு சின்னத் தளங்களும் தங்கட வாசகரை எண்ணத் தொடங்கின.

ஆனா அந்த வரி முழு உண்மை இல்லை. 1994இல் வந்த நெற்ஸ்கேப் உலாவி தன்னை 'மொசில்லா' எண்டு சொன்னது. சில தளங்கள் மொசில்லாவுக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் குடுத்தபடியால், மைக்ரோசொவ்ற்றின் உலாவியும் தன்னை மொசில்லா எண்டே சொல்லத் தொடங்கிச்சு. அந்தப் பழக்கம் இண்டைக்கும் விடேல்ல. குரோமும் மொசில்லா எண்டுதான் தொடங்கும். 2019க்குப் பிறகு ஐபாட் தன்னை மக் கணினி எண்டு சொல்லுது. அண்ட்ரொய்ட் குரோம் இப்ப தனியுரிமைக்காக, எந்தப் போனாக இருந்தாலும் மாதிரிப் பெயருக்குப் பதிலா ஒரே ஒரு எழுத்தையும், பதிப்பு 10 எண்டும் அந்த வரியில் எழுதுது.

இன்னொண்டு. அனலிட்டிக்ஸ் எண்ணுறதுக்கு, பக்கத்தோட சேர்ந்து வாற ஒரு சின்ன நிரல் ஓடவேணும். சிக்னல் இழுபட்டு, பக்கம் முழுசா வர முதல் ஒராள் பொறுமை இழந்து மூடினால், அவர் வந்ததே கணக்கில இல்லாமல் போகலாம். எங்கட பக்கம் திறக்கச் சிரமப்படுற ஆக்கள்தான் எங்கட அட்டவணையில் குறையத் தெரிவினம்.

பெட்டி பெட்டியாத் தெரிஞ்ச காலம்

இது தமிழுக்குப் புதுசில்லை. 1991இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கு இடம் இருந்தது. 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணையத்தில் ஏறிச்சு. அதே மாதம் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் இடம்பெயர்ந்து, தென்மராட்சிக்கும் எங்கட வடமராட்சிக்கும் நடந்து வந்தது. தமிழ் இணையத்தின் பிறந்த வருடத்தில் எங்கட ஊரில் கரண்டே இல்லை. அப்ப ஆராவது வாசகர் கணக்கு எடுத்திருந்தால், யாழ்ப்பாணத்துக்கு நேரே பூச்சியம் எண்டுதான் வந்திருக்கும். அதைப் பாத்து 'அங்க வாசிக்க ஆள் இல்லை' எண்டு ஆரும் முடிவெடுத்திருந்தால் எவ்வளவு பிழை!

பிறகு எழுத்துருச் சிக்கல். பாமினி மாதிரி எழுத்துருக்களில் எழுதின பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாத்தான் தெரியும். 1999 சென்னை மாநாட்டில் தாம், தாப் எண்டு குறியீடுகள் வந்தன. அதுக்கு முதலே திஸ்கியும் இருந்தது. விண்டோஸ் 2000 யூனிகோட் தமிழோட வந்தது. ஆனா விண்டோஸ் எக்ஸ்பியில் அதை இயக்க, பொதுவா நிறுவல் சிடியைத் தேடிப் போட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்த் தளம் நடத்தினவைக்கு 'வாசகர் எந்தக் கருவி, எந்த உலாவி' எண்ட கேள்வி அலங்காரக் கேள்வி இல்லை. அதுதான் எழுத்துத் தெரியுமா தெரியாதா எண்டதைத் தீர்மானிச்சது.

கைபேசியில் இன்னும் மோசம். பல போன்களில் தமிழ் வெறும் பெட்டியாத்தான் தெரிஞ்சது. 2006இல் உலகம் முழுக்க வந்த ஒபேரா மினி ஒரு வழி காட்டிச்சு. அதின்ர அமைப்புப் பக்கத்துக்குள்ள போய் ஒரு தெரிவை மாத்தினால், தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்பும். எங்கட அண்ணாமார், அக்காமாரில் எத்தினையோ பேர் சின்ன நொக்கியாத் திரையில இப்பிடித்தான் தமிழ் வாசிச்சவை. அதிலும் ஒரு வேடிக்கை. பக்கத்தை முதலில் எடுக்கிறது ஒபேராவின் சேவையகம். இணைய முகவரியை மட்டும் வைச்சு எண்ணின தளங்களுக்கு, கரவெட்டியில இருந்து வாசிச்ச ஆள் வெளிநாட்டில இருக்கிற ஆளாத் தெரிஞ்சிருப்பார்.

ஸ்டட்கவுண்டர் கணக்கின்படி 2016 ஒக்டோபரில்தான் உலகளவில் கைபேசியும் டப்லெட்டும் சேர்ந்து (51.3 வீதம்) கணினியை (48.7 வீதம்) முந்தின. அதுக்குப் பத்து வருடம் முதல் ஒரு தமிழ்த் தளக்காரர் தன்ர அட்டவணையைப் பாத்து 'தமிழர் போனில வாசிக்கிறேல்ல' எண்டு சொல்லியிருக்கலாம். எண் சரி, விளக்கம் பிழை. வாசிக்க விருப்பமில்லாமல் இல்லை, போனுக்குத் தமிழ் தெரியேல்ல.

ஒரு கருவி, எத்தினை பேர்?

அட்டவணை சொல்லாத இன்னொரு விஷயம், ஒரு கருவிக்குப் பின்னால எத்தினை பேர் எண்டது. அனலிட்டிக்ஸ் 'பயனர்' எண்டு சொல்லுறது பெரும்பாலும் ஒரு உலாவியில் வைச்ச ஒரு அடையாளக் குறியைத்தான். ஒரே ஆள் போனிலும் கணினியிலும் வாசிச்சால் ரெண்டு பேர். ஒரு போனை நாலு பேர் பாத்தால் ஒராள்.

எங்கட ஊர் வாசிப்பு எப்பவும் பங்குபோட்ட வாசிப்பு. வாசிகசாலைக்கு வாற ஒரு பேப்பரை, தாள் தாளாப் பிரிச்சு ஊரே வாசிக்கும். விற்ற பிரதியை வைச்சு வாசகரை எண்ண ஏலாது எண்டு பத்திரிகைக்காரருக்கு நல்லாத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிட்டு வைச்சு, சில்லைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட கதையை எங்கட வீடுகளில கேக்காத பிள்ளை இல்லை. ஒராள் சுத்த, பத்துப் பேர் செய்தி கேட்டவை. பிறகு நெற் கபே வந்தது. ஒரே கணினிக்கு முன்னால ஒரு நாளில எத்தினை பேர் மாறி மாறி இருந்திருப்பினம்!

2020இல் பள்ளிக்கூடம் பூட்டின நேரம், அம்மாவின்ர ஒரு போனில அண்ணனும் தங்கச்சியும் முறை வைச்சுப் படிச்சதை நாங்களே கண்டனாங்கள். 2022 மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நிண்டது. போனில சார்ஜ் இருக்கிற ஆளிட்ட மற்றவை கூடி இருந்து செய்தி பாத்தவை. டைனமோ ரேடியோவுக்கும் இதுக்கும் நடுவில முப்பது வருடம்.

அழிஞ்ச கணக்கு

வரலாறு படிக்கிறவைக்கு ஒரு கவலையான செய்தியும் இருக்கு. கூகிள் தன்ர பழைய அனலிட்டிக்ஸை 2023 யூலையில் நிப்பாட்டி, 2024 யூலையோட பழைய தரவைப் பாக்கிற வழியையும் மூடிச்சு. முதலே இறக்கி வைக்காத சின்னத் தளங்களிட்ட, தங்கட வாசகர் நெற் கபேயில இருந்து கைபேசிக்கு மாறின அந்த வருடங்களின் கணக்கு இனி இல்லை.

அண்டு பின்னேரம் கூட்டம் முடியிற நேரம், தோழியின்ர அம்மம்மா தன்ர பழைய போனை எடுத்துத் தந்தா. முகப்பில கீறல், உள்ளுக்கை இடமும் இல்லை. எங்கட பக்கத்தை அதில திறந்தோம். தேத்தண்ணி வந்து, குடிச்சு முடிச்ச பிறகும் படம் வந்து முடியேல்ல. "உங்கட எழுத்து எங்கை பிள்ளையள்?" எண்டு அம்மம்மா கேட்டா.

மூண்டு முடிவு எடுத்தோம். படங்களைச் சுருக்கி, எழுத்து முதலில வாற மாதிரிப் பக்கத்தை மாத்துறது. புதுசா எது செய்தாலும் முதலில அம்மம்மாவின்ர போனில திறந்து பாக்கிறது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கருவி அட்டவணையை ஒரு கொப்பியில எழுதி, பக்கத்தில அந்த மாதம் ஊரில என்ன நடந்தது எண்டும் எழுதுறது: கரண்ட் நிண்டதோ, சோதினைக் காலமோ, டேட்டா விலை ஏறினதோ எண்டு.

கடைசியா ஒரு வேண்டுகோள். நீங்கள் இதை ஆற்றையும் போனில வாசிக்கிறீங்கள் எண்டால், எத்தினை பேர் சேர்ந்து வாசிச்சனீங்கள் எண்டு எங்களுக்கு ஒரு வரி எழுதி விடுங்கோ. அதையும் கொப்பியில எழுதுவம்.