காலேஜ் ரோட்டிலிருந்து ராசிபுரம் வரை

சென்னையில் போடுகிற ஒரு கையெழுத்து நம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரின் மேசைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை என் வேலைக்காலம் முழுக்க அருகிருந்து பார்த்தவன் நான். 1980களின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு கல்வி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். நாமக்கல் தனி மாவட்டமான பிறகு அங்கே மாறுதலாகிப் போய், கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு. சாரதா கல்லூரிச் சாலைப் பக்கம் மாலை நேரத்தில் நீட் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களை இந்தத் தெருவுக்கு அழைத்து வந்த அரசாணைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

முதலில் அந்தப் பாதையைச் சொல்லிவிடுகிறேன். தலைமைச் செயலகத்தில் அரசாணை பிறக்கும். அதைப் பார்த்து நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் பள்ளிக் கல்வி இயக்குநர் செயல்முறைகள் பிறப்பிப்பார். டி.பி.ஐ. என்று நாங்கள் சொல்லும் அந்த வளாகத்துக்கு 2022 முதல் பேராசிரியர் அன்பழகன் பெயர். இயக்குநரின் தாளைப் பார்த்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு செயல்முறை. அதைப் பார்த்து மாவட்டக் கல்வி அலுவலர் இன்னொன்று. ஒவ்வொரு தாளிலும் மேலே ந.க. எண், பிறகு ‘பொருள்’, பிறகு ‘பார்வை’. ஸ்டென்சில் வெட்டி ரோனியோவில் உருட்டிய காலத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் காகிதம் போதாது. எனவே சுருக்குவோம். அரசாணையின் முதல் பத்திகளில்தான் காரணம் இருக்கும்: எந்தக் குழு பரிந்துரைத்தது, என்ன குறையைக் கண்டார்கள், யாருக்கு நன்மை என்று. கடைசிப் பத்தியில் ‘ஆணையிடப்படுகிறது’ வரும். சுருக்கும்போது விழுவது எப்போதும் முதல் பத்திகள்தான். நானே எத்தனையோ முறை அப்படிச் சுருக்கி வரைவு வைத்திருக்கிறேன், எல்லா அலுவலகங்களிலும் அதுதான் நடைமுறை. ராசிபுரத்துக்கோ எடப்பாடிக்கோ போய்ச் சேரும்போது தாளில் கட்டளையும் கெடு தேதியும் மிஞ்சியிருக்கும். பெற்றோர் ‘ஏனுங்க?’ என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் காலேஜ் ரோட்டிலேயே நின்றிருக்கும்.

இந்தப் பாதைக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1854-ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது; மறு ஆண்டு சென்னை மாகாணத்துக்கென்று கல்வித் துறையும் அதற்கு முதல் இயக்குநராக அலெக்சாண்டர் அர்பத்நாட்டும் வந்தார்கள். 1857-ல் சேலத்தில் ஒரு பள்ளி தொடங்கியது. அதுவே பின்னாளில் நகராட்சிக் கல்லூரியாகி, இன்று அரசு கலைக் கல்லூரியாக நிற்கிறது. 1920-ன் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டந்தோறும் கல்விக் குழு என்று ஒன்றை வைத்தது. கிராமத்துப் பள்ளிகள் மாவட்ட போர்டின் கையில் இருந்தன. இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘போர்டு ஸ்கூல்’ என்றுதான் சொல்வார்கள். 1960களில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்து தொடக்கப் பள்ளிகளை ஏற்றன. 1981 ஜூனில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். நிர்வாகம் இப்படிக் கை மாறிக்கொண்டே இருந்தது; தாள் இறங்கும் விதம் மாறவில்லை.

காரணம் சொல்லாமல் வந்த ஆணை என்ன செய்யும் என்பதற்கு 1953-ல் வந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைவிடப் பெரிய சான்று தமிழ்நாட்டில் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர்க்காரர். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை இந்த நகராட்சிக்குத் தலைவர். 1953-ல் அவருடைய அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரு வேளை மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. முன்கூட்டிச் சட்டமன்றத்தில் விவாதமில்லை.

என் அப்பா அப்போது சங்ககிரிப் பக்கம் ஒரு போர்டு பள்ளியில் வாத்தியார். அவர் கைக்கு வந்தது புதிய கால அட்டவணை மட்டுமே என்று சொல்வார். பள்ளியும் ஆசிரியரும் பணமும் பற்றாத நிலையில், இரண்டு வேளையாகப் பிரித்தால் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன கணக்கு. அந்தக் கணக்கை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் ஒரு நெசவாளி வந்து, ‘என் பையன் தறியிலேயே கிடக்கோணும்னு சர்க்காரு முடிவு பண்ணீருச்சா?’ என்று கேட்டாராம். அப்பாவிடம் பதில் இல்லை. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தார்கள். அந்த ஜூலையில் சட்டமன்றம் திட்டத்தை நிறுத்திவைக்கச் சொன்னது. 1954 மே மாதம் காமராஜர் அரசு கைவிட்டது. கைவிட்டது நல்லது. கணக்கைச் சொல்லியிருந்தாலும் அது நின்றிருக்கக் கூடாத திட்டம், ஏனென்றால் அந்த நெசவாளியின் கேள்வியில்தான் உண்மை இருந்தது. ஆனால் கேள்வியைச் சென்னைக்குத் திருப்பி அனுப்ப அப்பாவுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. அந்தத் தாள் ஒரே திசையில் மட்டும் போகும்.

அடுத்து நெ.து. சுந்தரவடிவேலு இயக்குநரானார். அவர் காலத்தில் 1956-ல் மதிய உணவும் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் வந்தன. ஊரைக் கூட்டி, இந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும், அரசு என்ன செய்கிறது, நீங்கள் என்ன தருவீர்கள் என்று மேடையிலேயே பேசினார்கள். ஊரார் நாற்காலி, மணி, தட்டு, நிலம் என்று கொடுத்தார்கள். கேட்டதும் கொடுத்ததற்குக் காரணம் ஊராரின் தாராளம் மட்டுமல்ல; எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இனி எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துக் கதை. 1978-ல் பள்ளிகளில் பிளஸ் டூ வந்தது. அதுவரை கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய், பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிக்குள் நுழைந்தன. 1984-ல் மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு வைத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பயிற்சி வகுப்புக்குப் போக முடியாமல் பின்தங்குகிறார்கள் என்று 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். நல்ல நோக்கம், நியாயமான நோக்கம். ஆனால் அதற்குப் பின் எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண் என்றாகிவிட்டது: 1200-க்கு எவ்வளவு, அதில் இயற்பியல் வேதியியல் உயிரியல் எவ்வளவு, அவ்வளவுதான்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்தில் ஏற்கெனவே விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பெருகியிருந்தன. கோழிப்பண்ணை, லாரி, ரிக் வண்டி என்று பணம் புரண்ட பூமி. பங்கு சேர்ந்து தொழில் செய்வதும் இங்கே பழக்கமானது. ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் தகரப் பெட்டியோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மே மாதம் முடிவுகள் வந்தால் பத்திரிகையின் முதல் பக்கம் எங்கள் மாவட்டத்துக்கு. அதன் விலையும் எங்களுக்குத் தெரியும். அப்போது பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால் பல பள்ளிகளில் அந்தப் பாடத்தைத் தொடவே மாட்டார்கள். ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகம் திறந்துவிடும். ஒரே பாடத்தை இரண்டு வருஷம் படித்த பிள்ளை, ஓராண்டு மட்டும் படித்த அரசுப் பள்ளிப் பிள்ளையோடு ஒரே தாளில் போட்டியிடும். ஆய்வுக்குப் போகும்போது பிளஸ் ஒன் மாணவரின் பையில் பிளஸ் டூ விடைத்தொகுப்பு இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. அதைக் குறிப்பில் எழுதுவோம். குறிப்பு மேலே போகும். பதில் கீழே வராது.

நடுவில் 2011 வந்தது. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-ல் நிறைவேறி, புத்தகங்கள் அச்சாகியிருந்த நேரத்தில் ஆட்சி மாறியது. புதிய அரசு நிறுத்தப் பார்த்தது. ஜூன் ஜூலை முழுக்கப் பிள்ளைகள் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்சநீதிமன்றம் பத்து நாளில் புத்தகத்தைக் கொடு என்றது. கொடுக்கும்போது சில பக்கங்களில் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் வகுப்பில் என்ன சொல்வது என்று தொலைபேசியில் கேட்ட தலைமையாசிரியர்களின் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2017 மே. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடுவதை நிறுத்தினார்கள். அதே மாதம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. அப்போது செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சர், உதயச்சந்திரன் துறைச் செயலர். 1200 மதிப்பெண் 600 ஆனது, மூன்று மணி நேரத் தேர்வு இரண்டரை மணி நேரமானது. அந்த ஆண்டுதான் நீட் இங்கே முழுமையாக வந்தது. அதில் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்வி உண்டு. அந்த முறை எங்கள் தலைமையாசிரியர் கூட்டத்தில் யாரும் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. எங்கள் மண்ணிலிருந்தே பிறந்த ஆணை அது. அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எழுந்து, ‘பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தினதுக்கு இத்தனை வருஷம் நாங்க தோத்தோம் சார், இப்பத்தான் ஒரே கோட்டுல நிக்கறோம்’ என்றார். கூட்டப்பொருள் ஏட்டில் அதை எழுத இடமில்லை. என் டைரியில் எழுதிக்கொண்டேன்.

மறு ஆண்டு செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் ஒன் மதிப்பெண் வேண்டாம், பிளஸ் டூவின் 600 போதும் என்று மாற்றினார்கள். அடுத்தடுத்துப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் மன அழுத்தம் மெய்யானது, மறுக்கவில்லை. ஆனால் தேர்வை வைத்துக்கொண்டு அதன் பயனை எடுத்த அந்த ஆணையைப் பள்ளிகளுக்கு விளக்க எந்தத் தாளும் எனக்கு அகப்படவில்லை. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு 2019 செப்டம்பரில் பொதுத்தேர்வு என்றார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று இல்லை என்றார்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் தாய்க்கு இரண்டு முறையும் பதில் சொன்னவர் அந்த ஊர் ஆசிரியைதான்.

இதற்கிடையே அலுவலகங்களும் கலைந்து அடுக்கப்பட்டன. 1986-ல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககம் வந்திருந்தது. 2018-ல் 101-ஆம் எண் அரசாணை 52 புதிய கல்வி மாவட்டங்களை உண்டாக்கி, தொடக்கக் கல்வி அலுவலர்களை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அதிகாரியின் கீழ்க் கொண்டுவந்தது. 2022-ல் 151-ஆம் எண் அரசாணை மறுபடி இடைநிலை, தொடக்கக் கல்வி, தனியார் பள்ளி என்று மூன்றாகப் பிரித்தது. ஆணை இப்போது வாட்ஸ்ஆப் குழுவில் நொடியில் வருகிறது, எமிஸ் (EMIS) இணையதளத்தில் பதிவேற்று என்ற கெடுவோடு. ரோனியோ காலத்துக் காகிதப் பஞ்சம் இல்லை. முழு அரசாணையையும் முதல் பத்தியோடு சேர்த்து அனுப்ப ஒரு தடையும் இல்லை. இருந்தும் வருவது நாலு வரிதான்.

2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. ஓய்வு பெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் 2022-ல் அமைத்த குழுவின் வழியே வந்தது அது. அதோடு, அந்தக் கல்வியாண்டு முதலே பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்ற முடிவும் வந்தது. வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. என்னிடம் முன்பு வேலை பார்த்து, இப்போது ராசிபுரம் பக்கம் தலைமையாசிரியராக இருப்பவர் அன்றிரவு கூப்பிட்டார். ‘சார், அப்பா அம்மாக்களுக்கு என்னங்க சொல்றது?’ நான் அவரிடம் 1978-லிருந்து 2018 வரை மேலே எழுதியதைத்தான் சொன்னேன். நுழைவுத்தேர்வு ஏன் போனது, பிளஸ் ஒன் தேர்வு ஏன் வந்தது, இப்போது ஏன் போகிறது, பாடம் ஏன் போகக் கூடாது என்று.

அந்த வாரமே பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூட்டிப் பேசினாராம். ரிக் வண்டியில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, ‘பரீட்சை இல்லீன்னா பாடம் நடத்துறாங்களான்னு யாருங்க பாப்பாங்க?’ என்று கேட்டிருக்கிறார். தலைமையாசிரியர் அங்கேயே முடிவு செய்தார்: ஒவ்வொரு பிளஸ் ஒன் பாடத்துக்கும் முடித்த அலகுகளை எழுதிய தாள் மாதக் கடைசியில் கழகக் கூட்டத்துக்கு வரும், அதில் பெற்றோர் இருவர் கையெழுத்திடுவார்கள். அதை மற்றப் பள்ளிகளும் செய்யலாமே என்று மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார். நான் வரைந்து கொடுத்தேன். காரணத்தை முதல் பத்தியில் வைத்து.