குக்கியும் கொக்கிஸும்: ஒரு தட்டுப் பலகாரத்தின் வரலாறு

ஐப்பசி பிறந்தால் எமது வகுப்பின் வட்ஸ்அப் குழு செம்மஞ்சள் நிறமாகிவிடும். ரொறன்ரோவிலும் நியூ ஜேர்சியிலும் இருப்பவர்கள், பூசணியும் கறுவாவும் சேர்த்துச் சுட்ட 'குக்கி பார்' தட்டுகளைப் படம்பிடித்து அனுப்புவார்கள். மாவைத் தட்டில் அமர்த்திச் சுட்டு, ஆறியபின் சதுரமாக வெட்டும் இலகுவான பலகாரம் அது. வேலைக்குப் போய் வந்த களைப்போடும் செய்யலாம். சென்ற ஆண்டு அப்படியொரு படத்தின் கீழே ஒருத்தி எழுதினாள்: "வெள்ளைக்காரன்ரை பலகாரமெல்லாம் சுடுறியள். எங்கடை பயத்தம் பணியாரம் மறந்து போச்சோ?" பகிடிதான். ஆனாலும் சுட்டவளுக்கு மனம் நொந்துவிட்டது. அன்றிரவே படத்தை அழித்துவிட்டாள்.

அந்தத் தட்டு உண்மையில் யாருடையது? நூற்றாண்டு மலருக்கு எழுதக் கேட்டபோது, இந்தக் கேள்வியையே நாம் எடுத்துக்கொண்டோம்.

முதலில் எமது குசினிச் சொற்களைப் பார்ப்போம். பாண், போறணை, விசுக்கோத்து ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. கேக், பட்டர் என்பன ஆங்கிலேயர் தந்தவை. இடையில் வந்த ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லொன்று சித்திரைப் புத்தாண்டில் சிங்கள நண்பிகள் கொண்டுவரும் தட்டில் இருக்கிறது. அதுதான் கொக்கிஸ். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, அச்சில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் அப்பலகாரத்தின் பெயர், 'சிறு கேக்' என்று பொருள்படும் 'கூக்யே' என்ற ஒல்லாந்துச் சொல்லின் வழி வந்தது என்பர்.

அதே சொல் இன்னொரு கடலையும் கடந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கே கொழும்பையும் (1656) யாழ்ப்பாணத்தையும் (1658) பிடித்த காலத்தில், வட அமெரிக்காவில் நியூ ஆம்ஸ்ரடாம் என்ற குடியேற்றத்தையும் வைத்திருந்தனர். 1664இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறி நியூயோர்க் ஆயிற்று. ஆட்சி போனாலும் சொல் தங்கிவிட்டது. இலண்டனில் இருக்கும் எம் தோழி 'பிஸ்கட்' என்பதை ரொறன்ரோவில் இருப்பவள் 'குக்கி' என்பதற்குக் காரணம் இதுவே. கொக்கிஸும் குக்கியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

1796ஆம் ஆண்டு இக்கதையில் முக்கியமானது. அவ்வாண்டு பெப்ரவரியில் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் 'அமெரிக்கன் குக்கரி' என்ற நூல் அச்சாகியது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கே அச்சான முதற் சமையல் நூல் என்று அதைச் சொல்வார்கள். எழுதிய அமேலியா சிமன்ஸ், தம்மை ஓர் அநாதைப் பெண் என்றே முகப்பில் அறிமுகம் செய்கிறார். அந்நூலில் பூசணிப் புடிங் இருக்கிறது. 'குக்கி' என்ற பெயரோடு ஒரு பக்குவமும் இருக்கிறது. ஒரு இறாத்தல் சீனி, இரண்டரை இறாத்தல் மா, நான்கு அவுன்ஸ் பட்டர், அவற்றோடு இரண்டு பெரிய கரண்டி மல்லித்தூள்! மாவைப் பொங்கச் செய்வதற்கு மரச்சாம்பலிலிருந்து எடுத்த ஓர் உப்பு. அதை எமது அப்பச்சோடாவின் பாட்டி எனலாம்.

இனி அந்தத் தட்டின் வாசனைக்கு வருவோம். அது கறுவா.

மெல்லிய பட்டையுள்ள அசல் கறுவாவின் தாயகம் இலங்கை. போர்த்துக்கேயர் 1505இல் கரையேறிய பின் இங்கே நிலைகொண்டதற்கும், ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தியதற்கும் இந்தப் பட்டையே பெருங் காரணம். ஒல்லாந்தக் கம்பனி அதைத் தன் தனியுரிமையாக்கியது. களவாக ஒரு குச்சியை விற்பதும், மரத்தைச் சேதப்படுத்துவதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. விலை விழாமலிருக்க 1760இல் ஆம்ஸ்ரடாமில் பெருந்தொகைக் கறுவாவைக் கொளுத்தினர். காட்டுக்குள் போய்ப் பட்டை உரித்துக் கொடுக்கும் கட்டாய ஊழியம் சாலாகம சமூகத்தவர் மீது சுமத்தப்பட்டது. அவர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது மரபு. பின்னர் ஆளுநர் ஃபோல்க் காலத்தில் (1765–1785) கொழும்பு மருதானைப் பகுதியில் கறுவா தோட்டப் பயிராயிற்று. கொழும்பு 7ஐ நாம் இன்றும் கறுவாத்தோட்டம் என்கிறோம். ஆங்கிலேயரும் அந்தத் தனியுரிமையை 1833 வரை கைவிடவில்லை.

உரிக்கும் முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. மேற்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து இளக்கி, கத்தியால் கீறிப் பட்டையை முழுதாகக் கழற்ற வேண்டும். கை ஒருமுறை பிசகினால் பட்டை கிழிந்துபோகும். ஐப்பசியில் எம் தோழியின் வீட்டை மணக்கச் செய்யும் அரைக் கரண்டித் தூளுக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

'பார்' என்ற வடிவம் பிந்தியது. 1896இல் பொஸ்ரன் சமையற் பள்ளியின் நூலை எழுதிய ஃபனி ஃபாமர், கோப்பையையும் கரண்டியையும் மட்டமாக வழித்து அளக்கும் வழக்கத்தை வீடுகளில் நிலைநிறுத்தினார். அதே நூலின் 1906ஆம் ஆண்டுப் பதிப்பில், தட்டில் சுட்டு வெட்டும் சொக்கலேற் பிறவுணி இடம்பெற்றது. அளவு நிச்சயமானதும் புதிதாகச் சமைப்பவளுக்கும் துணிவு வந்தது. பூசணி, கறுவா, கராம்பு, சாதிக்காய் என்ற கூட்டை உலகம் முழுவதும் இலையுதிர்காலத்தின் அடையாளமாக்கியது 2003இல் ஸ்ரார்பக்ஸ் அறிமுகப்படுத்திய கோப்பி. ஆனால் கூட்டுச் சரக்கு அதைவிட மிகப் பழையது.

எமக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பின் படித்தவர்கள் நாம். மனையியல் புத்தகத்தில் 'கனலடுப்பை முற்சூடாக்குக' என்று இருக்கும், கனலடுப்புக்கு மின்சாரம் இராது. பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணலைக் கொட்டுவார்கள். அடியிலும் நெருப்பு, முடியிலும் நெருப்பு. அமெரிக்கக் குடியேறிகளும் மூடியில் தணல் இட்டே இரும்புச் சட்டியில் சுட்டார்கள் என்றும், அச்சட்டிக்கு 'டச்சு ஒவன்' என்று பெயர் என்றும் பிற்காலத்தில் வாசித்தோம். நாம் வறுமையின் உபாயம் என்று எண்ணி வெட்கப்பட்டது, உலகத்தின் பழைய அறிவுகளில் ஒன்றாக இருந்தது.

வைத்தியராகவும் ஒன்று சொல்ல வேண்டும். வட அமெரிக்கக் கடைகளில் 'சினமன்' என்று விற்கும் தூளில் பெரும்பாலானது கசியா என்ற உறவு மரத்தின் பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக உண்டு. நாள்தோறும் அதிகம் உண்டால், அதைத் தாங்காத சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாம். எமது கறுவாவில் அது மிகச் சொற்பம். ஐரோப்பிய வரையறை, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின். ஜேர்மனிய இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில், 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 கிராம் கசியாவும், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரைக் கிராமுமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். இடைக்கிடை கூடினால் பயமில்லை. தினமும் கூடுவதே கூடாது. பிரித்தறிவது இலகு: கசியாக் குச்சி ஒற்றைச் சுருளாய்த் தடித்துக் கடினமாயிருக்கும். எமது குச்சி கடதாசிபோல் பல மெல்லிய அடுக்குகளாய்ச் சுருண்டு, விரலாலேயே நொருங்கும். தூளாக வாங்குபவர்கள் உறையில் 'சிலோன்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

எம் தோழியின் பக்குவம் இது. 80 கிராம் பூசணிக் களியைத் துணியில் ஒற்றி நீர் நீக்குங்கள். உருக்கி ஆறவைத்த 115 கிராம் பட்டரில் 150 கிராம் சிவப்புச் சீனி, ஒரு முட்டை மஞ்சட்கரு, பூசணி ஆகியவற்றைக் கலவுங்கள். 190 கிராம் அமெரிக்கன் மா, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒன்றரைத் தேக்கரண்டி கறுவாத்தூள், கால் தேக்கரண்டி சாதிக்காய், ஒரு சிட்டிகை கராம்புத்தூள், சிறிது உப்பு சேர்த்து, மா மறையும்வரை மட்டும் கிளறுங்கள். 8 அங்குலச் சதுரத் தட்டில் அமர்த்தி, 180 பாகை செல்சியசில் சுமார் 25 நிமிடம் சுடுங்கள். நன்றாக ஆறியபின் 16 துண்டாக வெட்டுங்கள். துண்டுக்குக் கால் கிராம் கறுவா வரும். கசியாவானால் சிறு குழந்தைக்கு இரண்டு துண்டிலேயே அன்றைய எல்லை முடிந்துவிடும். எமது கறுவாவானால் அந்தக் கணக்குக்கே தேவையில்லை.

அமெரிக்கன் மா என்றோமே, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமை மாவுக்கு எமது ஊர் வைத்த பெயர் அது. அவர்கள் மா எமது சட்டிக்கு வந்தது. எமது பட்டை அவர்கள் தட்டுக்குப் போனது. இந்தப் பலகாரத்தை அந்நியமென்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. பயத்தம் பணியாரம் தன் இடத்தில் இருக்கட்டும். இதற்கும் ஓர் இடம் கொடுப்போம்.

இக்கட்டுரையின் முதற்படியைக் குழுவில் இட்டபோது, பகிடி பண்ணியவளே முதலில் பதில் எழுதினாள்: "அளவைத் திரும்ப அனுப்படி." அழித்த படமும் அன்று திரும்பி வந்தது.