கேமரா முன்னாடி கையை ஆட்டின கதை

நாம் கையை ஆட்டினால் டிவிக்குள் இருக்கும் ஆளும் கையை ஆட்டுகிறான். இந்த ஒரு வித்தைக்கு மூன்று கம்பெனிகள் மூன்று வழி பிடித்தன. நான் படித்தது பி.காம்., தினமும் புரட்டுவது கடன் ஃபைல். ஆனாலும் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். எல்லோரும் முட்டிக்கொண்டது ஒரே இடத்தில்: எதிரே நிற்கிற ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்? சாதாரண கேமரா படத்தில் நீளம் உண்டு, அகலம் உண்டு, ஆழம் கிடையாது.

2003-ல் சோனியின் 'ஐடாய்' வந்தது. ப்ளேஸ்டேஷன் 2-ல் செருகுகிற சின்ன கேமரா, பின்னால் இருந்தவர் ரிச்சர்ட் மார்க்ஸ். அது ஆழத்தைப் பற்றிக் கவலையே படவில்லை. முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எங்கே வித்தியாசம் என்று மட்டும் பார்த்தது. அசைந்தது கையா, பின்னால் போன அம்மாவின் புடவைத் தலைப்பா, அதற்குத் தெரியாது :-) அறையில் வெளிச்சம் போதவில்லை என்றால் சிவப்பு விளக்கு மினுக்கும்.

2006-ல் நிண்டெண்டோ 'வீ' ஆட்டத்தையே திருப்பிப் போட்டது. கேமரா நம் கையில் இருக்கிற ரிமோட்டுக்குள்! டிவி மேல் வைக்கிற பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர்தான், அதில் சென்சார் எதுவும் இல்லை. அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. அது கெட்டுப்போனால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து விளையாடினவர்கள் உண்டு. பத்து கோடிக்கு மேல் விற்றது.

2010-ல் சோனி 'மூவ்' கொண்டுவந்தது. கைப்பிடியின் நுனியில் ஒளிரும் பந்து. பந்தின் அளவு முன்பே தெரியும். படத்தில் சின்னதாகத் தெரிந்தால் தள்ளிப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆழத்துக்கு இவ்வளவு மலிவான விடை வேறு இல்லை என்பது என் கட்சி.

அதே வருடம் மைக்ரோசாப்டின் 'கினெக்ட்'. கையில் எதுவுமே வேண்டாம். பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனியின் நுட்பம்: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்க இறைத்து, அவை எவ்வளவு விலகி விழுகின்றன என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். இருட்டிலும் வேலை செய்யும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸில் ஏறியது.

ஆனால் ஒரு ஆள் விளையாடவே ஆறடி தள்ளி நிற்க வேண்டும். மும்பையில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாதிரி ஹாலில் டீப்பாயை பெட்ரூமுக்குத் தள்ளினால்தான் ஆறடி கிடைக்கும். மூவ் இவ்வளவு இடம் கேட்காது.

கினெக்டைக் கவிழ்த்தது நுட்பம் அல்ல, விலை என்பேன். 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வாங்கினால் புது கினெக்டையும் சேர்த்தே வாங்க வேண்டும், மொத்தம் 499 டாலர். ப்ளேஸ்டேஷன் 4 வெறும் 399. வேண்டாதவன் தலையில் ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்று எந்த பிராஞ்ச் கவுண்டரில் கேட்டாலும் சொல்லுவார்கள். 2014-ல் கழற்றிவிட்டார்கள், 2017-ல் உற்பத்தியே நின்றது.

நடுவில் 2013-ல் பிரைம்சென்ஸை ஆப்பிள் வாங்கிவிட்டது. 2017-ல் வந்த ஐபோன் டென், முகத்தை அடையாளம் பார்க்க அதே மாதிரி அகச்சிவப்புப் புள்ளிகளை வீசியது, சுமார் 30,000. ஐபோனில் முகத்தைக் காட்டி பேங்க் ஆப் திறக்கிறீர்களே, அந்த நொடியில் உங்கள் மூக்கு மேலும் விழுகின்றன அந்தப் புள்ளிகள். இதற்கு ஆறடி எல்லாம் வேண்டாம்.